உள்ளுணர்வு எவ்விடத்து நம்பத்தக்கது? சதுரங்கப் பலகை, ஏட்டுச்சுவடி, நேர்காணல் அறை

ஆய்வுச் சுருக்கம்

பணி சார்ந்த முடிவுகளில் உள்ளுணர்வுக்கு உரிய இடத்தை இக்கட்டுரை விளக்குகிறது. பழகிய ஒழுங்கை விரைந்து இனங்காணும் ஆற்றலே உள்ளுணர்வு என்னும் உளவியல் கருத்து இதற்கு அடிப்படை. சென்னையின் மேற்குப் புறநகரில் வேர்கொண்ட சதுரங்கப் பயிற்சி, உ.வே.சாமிநாதையரின் பதிப்புப்பணி, கல்வி நிறுவன நேர்காணல் ஆகிய மூன்று களங்கள் ஒப்பிடப்படுகின்றன. முதலிரு களங்களிலும் உள்ளுணர்வைத் திருத்தும் எதிர்விளைவு உண்டு; மூன்றாவதில் அது பெரும்பாலும் இல்லை. இவ்வேறுபாடு தமிழாய்வாளரின் அன்றாடப் பணிக்கு எவ்வாறு பொருந்துகிறது என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: உள்ளுணர்வு, இனங்காணல், எதிர்விளைவு, பாடத்தேர்வு, தளை, குறிப்பறிதல், நேர்காணல்

முன்னுரை

பூந்தமல்லியிலிருந்து ஆவடி செல்லும் சாலையில் உள்ள சென்னீர்குப்பத்தில், இக்கட்டுரையாளர் வசிக்கும் தெருவை ஒட்டி ஒரு சிறிய லேத் பட்டறை இயங்குகிறது. அங்குள்ள மூத்த தொழிலாளி, வேறு யாருடனோ பேசிக்கொண்டிருக்கும்போதே திடீரெனத் திரும்பிப் பொறியை நிறுத்தச் சொல்வார். கழற்றிப் பார்த்தால் வெட்டும் முனை மழுங்கியிருக்கும். எப்படித் தெரிந்தது என்று கேட்டபோது, "சத்தம் மாறிப்போச்சே தம்பி" என்பதற்கு மேல் அவரால் விளக்க இயலவில்லை. அதே தொழிலாளியிடம், புதிதாகச் சேரும் பையன்களில் எவன் நிலைப்பான் என்பதையும் இப்படிச் சொல்லிவிட முடியுமா என்று கேட்டபோது அவர் சிரித்தார். "அது மட்டும் பிடிபடவே மாட்டேங்குது. நல்லா வருவான்னு நெனச்சவன் ரெண்டே மாசத்துல போயிடுறான்."

ஒரே மனிதர், ஒரே பட்டறை, ஏறத்தாழ ஒரே கால அளவிலான அனுபவம். ஒன்றில் உள்ளுணர்வு பிழைப்பதில்லை; மற்றொன்றில் அது உதவுவதில்லை. உள்ளுணர்வைப் போற்றுவோரும் அதை இகழ்வோரும் இவ்வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. தொழிற்கூடத்தில் மட்டும் எழும் சிக்கலன்று இது. சுவடியில் பாடம் தெரிவு செய்பவர், ஆய்வேட்டை மதிப்பிடுபவர், முனைவர் பட்டச் சேர்க்கைக்கு மாணவரைத் தேர்பவர் என நம் துறையில் உள்ள ஒவ்வொருவரும் நாள்தோறும் விளக்கிச் சொல்ல இயலாத ஏதோ ஒரு தெளிவை நம்பியே முடிவெடுக்கிறோம்.

இனங்காணலே உள்ளுணர்வு

டச்சு உளவியலாளர் அட்ரியான் டி குரூட் 1946இல் வெளியிட்ட ஆய்வு சதுரங்க வல்லுநர்களைப் பற்றியது. வல்லுநர் மற்றவரைவிட மிகப் பல நகர்வுகளை முன்கூட்டிக் கணக்கிடுகிறார் என்பதே பொதுநம்பிக்கை. டி குரூட் கண்டது வேறு. கணக்கிடும் ஆழத்தில் பெரிய வேறுபாடு இல்லை; ஆனால் கணக்கிடத் தொடங்கும் முன்பே நல்ல நகர்வு எது என்பது வல்லுநரின் கண்ணில் படுகிறது. 1973இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் இதை மேலும் சோதித்தனர். உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த ஒரு நிலையைச் சில வினாடிகள் மட்டும் காட்டி, நினைவிலிருந்து காய்களை வைக்கச் சொன்னபோது வல்லுநர் புதியவரைவிடப் பல மடங்கு சிறந்து விளங்கினார். காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டியபோதோ அந்த மேன்மை ஏறத்தாழ மறைந்துபோனது. சிறிதளவு மேன்மை அப்போதும் எஞ்சுகிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. எனினும் அடிப்படை முடிவு மாறவில்லை. வல்லுநரிடம் இருப்பது பொதுவான நினைவாற்றல் அன்று; பல ஆண்டுகளில் சேர்ந்த ஆயிரக்கணக்கான அமைப்புகளின் பரிச்சயம். இதனால்தான் சைமன் உள்ளுணர்வை இனங்காணல் என்று சுருக்கமாக வரையறுத்தார். தெருவில் நண்பரின் முகத்தைக் கண்டவுடன் அறிந்துகொள்வதில் உள்ள புதிர்தான் அதிலும் உள்ளது. அதற்கு மேல் எதுவும் இல்லை என்பது அவர் நிலைப்பாடு.

உள்ளுணர்வு என்றதும் தமிழ்நாட்டில் முதலில் எடுத்துக்காட்டப்படுபவர் இராமானுசன். அவருடைய முடிவுகள் நாமகிரித் தாயாரின் அருளால் கனவில் கிடைத்தவை என்னும் செய்தி, அதற்கு முன்பிருந்த உழைப்பை மறைத்துவிடுகிறது. பள்ளிப்பருவத்தின் இறுதியில் அவர் கைக்குக் கிடைத்த கார் என்பாரின் கணிதத் தொகுப்பில் ஆயிரக்கணக்கான தேற்றங்கள் பெரும்பாலும் நிறுவல் இன்றியே இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் தாமே பெற்றுப் பார்த்ததில் அவருடைய இளமை கழிந்தது. மற்றொரு செய்தியும் நோக்கத்தக்கது. பகா எண்களின் பரவலைப் பற்றி அவர் உறுதியுடன் எழுதிய சில முடிவுகள் பிழையானவை என்பதை ஹார்டி பின்னர் எடுத்துக்காட்டினார். கண்முன் உள்ள எண்களில் தென்படும் ஒழுங்கு எல்லையற்ற தொலைவு வரை அப்படியே தொடர்வதில்லை. இத்துணைப் பெரிய மேதையின் உள்ளுணர்வும் களத்தின் இயல்புக்குக் கட்டுப்பட்டதே.

களத்தின் இயல்பு என்பதை விளக்கிய கட்டுரை 2009இல் 'அமெரிக்கன் சைக்காலஜிஸ்ட்' இதழில் வெளிவந்தது. எழுதிய இருவரும் எதிரெதிர் முகாமினர். கேரி கிளைன் தீயணைப்புப் படைத்தலைவர்களை ஆராய்ந்து, அவர்கள் பல வழிகளை ஒப்பிடாமலே சரியான வழியைக் கண்டுகொள்வதைக் காட்டியவர். டேனியல் கானமன் மனித மதிப்பீடுகளில் உள்ள பிழைகளைத் தொகுத்தவர். ஆண்டுக்கணக்கில் விவாதித்த பின் இருவரும் உடன்பட்ட செய்தி இது: உள்ளுணர்வை நம்புவதற்கு இரு நிபந்தனைகள் வேண்டும். களத்தில் நிலையான ஒழுங்கு இருக்க வேண்டும். அவ்வொழுங்கைக் கற்க, தன் முடிவு சரியா தவறா என்பதை உரிய காலத்தில் அறியும் வாய்ப்பு இருக்க வேண்டும். முடிவெடுப்பவர் உணரும் உறுதி இவற்றுள் ஒன்றன்று. லேத் தொழிலாளிக்கு ஒலி மாறிய அடுத்த நிமிடமே விடை கிடைக்கிறது. பையன் போய்விட்ட செய்தி இரண்டு மாதம் கழித்து, நூறு காரணங்களோடு கலந்து வருகிறது.

சதுரங்கப் பலகை

சென்னீர்குப்பத்திற்கு வடகிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளது மேல் அயனம்பாக்கம். அங்குள்ள வேலம்மாள் வித்யாலயா பள்ளியின் மாணவர் தொ. குகேஷ். 2013ஆம் ஆண்டு, தம் ஏழாவது வயதில் ஆடத் தொடங்கிய அவர், 2019 ஜனவரியில் 12 ஆண்டு 7 மாதம் 17 நாள் வயதில் கிராண்ட் மாஸ்டர் ஆனார். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை 7.5–6.5 என்னும் கணக்கில் வென்று, பதினெட்டாம் வயதில் உலக வாகையர் பட்டம் பெற்றார்.

இங்கு நமக்கு வேண்டியது வெற்றியின் பெருமையைவிடப் பயிற்சியின் முறை. குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, தொடக்க ஆண்டுகளில் மாணவர் சதுரங்கக் கணினி நிரல்களைப் பயன்படுத்தாதவாறு விலக்கி வைத்தார். இது பல நேர்காணல்களில் பதிவான செய்தி. அக்காலத்து வழக்கத்திற்கு இது நேர்மாறானது. நிரலைத் திறந்தால் எந்த நிலையிலும் சிறந்த நகர்வு எது என்பது சில நொடிகளில் தெரிந்துவிடும். விலக்கியதற்கு உரிய காரணமும் அதுவே. விடை முன்கூட்டியே தெரிந்துவிட்டால் மாணவரின் மனம் தன் சொந்த மதிப்பீட்டை உருவாக்குவதில்லை. உருவாக்காத மதிப்பீட்டைத் திருத்தவும் இயலாது. நிரல் இல்லாத நிலையில் மாணவர் ஒரு நகர்வைத் தாமே தேர்ந்து, அதற்குப் பொறுப்பேற்று, எதிராளியின் பதிலால் பாடம் கற்கிறார்.

ஒரு மாணவரின் வெற்றி ஒரு முறையின் நிறுவல் ஆகாது. நிரலோடு வளர்ந்து உச்சிக்குச் சென்றோர் அதே தலைமுறையில் பலர் உள்ளனர். குகேஷும் பின்னாளில் நிரல்களைப் பயன்படுத்தினார். எனவே இந்நிகழ்விலிருந்து பெறத்தக்கது கருவி தீது என்னும் முடிவு அன்று. முதலில் தன் மதிப்பீடு, பிறகு கருவியின் விடை என்னும் வரிசைதான் இதிலிருந்து கொள்ளத்தக்கது.

சிங்கப்பூரில் நடந்த பதினான்காம் ஆட்டமும் இதனோடு வைத்து நோக்கத்தக்கது. சமநிலையில் முடியும் எனப் பலரும் எண்ணிய நிலையில், 55ஆவது நகர்வில் டிங் தம் யானையைப் பரிமாற்றத்திற்கு உட்படும் கட்டத்தில் வைத்தார். அப்பரிமாற்றம் நிகழ்ந்தால் எஞ்சும் அரசன்–காலாள் முடிவாட்டம் தோல்வியே என்பது ஆட்டநூல்களில் நிலைபெற்ற அறிவு. உலகின் முதல்நிலை ஆட்டக்காரர் ஒருவருக்கு நெருக்கடியில் தப்பிய அமைப்பு, எதிரில் இருந்தவருக்கு உடன் புலப்பட்டது. குகேஷ் உடனே காயை நகர்த்திவிடவில்லை, ஒருமுறை சரிபார்த்தார். கண்டவுடன் தோன்றியதைக் கணக்கிட்டு உறுதிசெய்வதும் வல்லுநரின் பழக்கத்தில் அடங்கும்.

ஏட்டுச்சுவடி

நம் துறையில் இதற்கு இணையான களம் பாடத்தேர்வு. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இராது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வடிவால் வேறுபடா. ரகரமும் காலும் ஒன்றுபோல் இருக்கும். மூலம் எங்கு முடிந்து உரை எங்குத் தொடங்குகிறது என்பதும் பல ஏடுகளில் தெரியாது. ஒரே வடிவத்தை 'எரி' என்றும் படிக்கலாம், 'ஏரி' என்றும் படிக்கலாம். 'கொடு', 'கோடு' என்பனவும் அவ்வாறே.

பயின்ற பதிப்பாசிரியர் இவ்விடத்தில் தயங்குவதில்லை. அவருக்குச் செவி முதலில் விடை சொல்லிவிடுகிறது. காரணம் பின்னர் வருகிறது. காரணம் உண்மையிலேயே உள்ளது என்பதுதான் முக்கியம். வெண்பாவில் மாச்சீரை அடுத்து நிரையசை வர வேண்டும். விளச்சீர், காய்ச்சீர் ஆகியவற்றை அடுத்து நேரசை வர வேண்டும். 'எரி' என்பது நிரை. 'ஏரி' என்பது நேர்நேர். ஆகவே முந்தைய சீர் தேமாவோ புளிமாவோ ஆயின் 'ஏரி' என்னும் பாடம் தளையைக் குலைக்கும். அது விளமோ காயோ ஆயின் 'எரி' குலைக்கும். வெண்பாவில் ஊறிய செவி இதை எண்ணிப் பார்க்காமலே உணர்கிறது. விருத்தத்தில் நான்கடியும் அளவொத்து வருவதால் ஓரடியின் சிதைவை மற்ற மூன்றடிகள் காட்டிக்கொடுக்கும். அகவலின் நிலை வேறு. ஆசிரியத்தளை மிகுந்தும் பிற தளைகள் விரவியும் வர அங்கு இடம் உண்டு. எனவே அகவலில் செவி தரும் தீர்ப்பு வெண்பாவில் தருவதைவிட வலுக்குறைந்தது. பதிப்பாசிரியரின் உள்ளுணர்வு ஒரே அளவில் எங்கும் நம்பத்தக்கதன்று, யாப்பின் இறுக்கத்திற்கேற்ப அது கூடியும் குறைந்தும் நிற்கும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. சங்கப்பாடல்களில் பாடவேறுபாடுகள் தீர்வின்றி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

உ.வே.சாமிநாதையர் (1855–1942) மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவர். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரானவர். அவ்வாண்டு அக்டோபரில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தபோது, தாம் கற்றிருந்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா முதலியவற்றை அடுக்கிச் சொன்னார். முதலியார் சிந்தாமணியையும் மணிமேகலையையும் கேட்டார். சிற்றிலக்கியத்திலும் சைவநூல்களிலும் அவர் பெற்றிருந்த புலமை அக்கால அளவில் மிகப்பெரிது. ஆயினும் சிந்தாமணியின் சமணக் கலைச்சொற்களுக்கு முன் அது செல்லவில்லை. அவர் ஊகித்துப் பொருள் எழுதிவிடவில்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களைத் தேடிச்சென்று கேட்டார். மணிமேகலைக்குப் பௌத்தம் தேவைப்பட்டபோது, உடன் பணியாற்றிய ரங்காசாரியார் ஆங்கில நூல்களைப் படித்துச் சொல்ல, அவற்றைக் கேட்டுத் தெளிந்தார். சிந்தாமணி 1887இலும் மணிமேகலை 1898இலும் வெளிவந்தன. ஒரு களத்தில் கூர்மையான உள்ளுணர்வு மற்றொரு களத்திற்கு உடன்வருவதில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார். பெரும்புலவர்கள் பலருக்கு வாய்க்காத தெளிவு இது.

அவருக்கு எதிர்விளைவு எங்கிருந்து வந்தது? ஒன்று, புதிதாகக் கிடைக்கும் சுவடி. ஓரிடத்தில் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எண்ணியதை மற்றோர் ஊரிலிருந்து வந்த ஏடு உறுதிசெய்யும் அல்லது மறுக்கும். இரண்டு, உரைகளின் மேற்கோள். நச்சினார்க்கினியர் நூற்பெயர் சுட்டாமல் எடுத்தாளும் வரிகளை அவர் தொகுத்து வைத்தார். நூல் கைக்குக் கிடைத்தபோது அவற்றின் இடம் விளங்கியது. மூன்று, அவரே செய்த மறுபதிப்பு. சிந்தாமணி 1907இலும் 1922இலும் மீண்டும் வந்தபோது முந்தைய முடிவுகளைத் திரும்பப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. சதுரங்கத்தில் நிமிடங்களில் வரும் விடை இங்கு ஆண்டுகளில் வருகிறது, ஆனால் வருகிறது. தம் ஊகத்தை மூலத்தில் நுழைக்காமல் பிரதிபேதங்களைத் தனியே குறித்ததாலும், 1894இல் வந்த புறநானூற்றில் சிதைந்த இடங்களைப் புள்ளியிட்டு விட்டதாலுமே பிற்காலத்தவர் அவர் முடிவுகளைச் சோதிக்க முடிகிறது. 267, 268ஆம் பாடல்களின் இடம் இன்றும் வெறுமையாகவே நிற்கிறது.

சுவடிப் பயிற்சி வகுப்பொன்றில் இக்கட்டுரையாளர் ஓரிடத்தைச் சற்றும் ஐயமின்றிக் 'கோடு' என்று படித்து, அதற்கு மலையுச்சி என்று பொருளும் சொன்னார். அடுத்த சீரை அலகிட்டபோது 'கொடு' என்பதே பாடம் என்று தெரிந்தது. சரியாகப் படித்த இடங்களில் உணர்ந்த உறுதிக்கும் இப்பிழையில் உணர்ந்த உறுதிக்கும் மனத்தளவில் எவ்வேறுபாடும் இருக்கவில்லை.

குறிப்பறிதலும் தெரிந்து தெளிதலும்

திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்னும் தலைப்பு இருமுறை வருகிறது. பொருட்பாலில் 71ஆம் அதிகாரம் அரசனைச் சார்ந்தொழுகும் அமைச்சனுக்கு உரியது. காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரம் தலைவியின் உள்ளத்தை அறிவது. ஒருவர் சொல்லாததை முகத்தால் அறியும் இவ்வாற்றல் இரு சூழலிலும் போற்றப்படுகிறது. இரண்டுக்கும் உள்ள பொதுமை நோக்கத்தக்கது: இரண்டிலும் நாள்தோறும் நெருங்கிய பழக்கம் உண்டு, தவறாகப் படித்தால் உடனே தெரிந்துவிடும்.

ஆனால் ஒருவரைப் பணிக்குத் தேர்ந்தெடுப்பது பற்றிய 'தெரிந்து தெளிதல்' (51) குறிப்பறிதலைப் பரிந்துரைக்கவில்லை. அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கால் சோதித்துத் தெளிக என்கிறது. பரிமேலழகர் இதனை உபதை என்னும் சோதனைமுறையாகவே விளக்குகிறார். முகம் பார்த்து அறியத்தக்கது எது, சோதித்து அறியத்தக்கது எது என்னும் பிரிவினை அதிகார வைப்பிலேயே உள்ளது. வள்ளுவர் தற்கால உளவியலை முன்கூட்டிச் சொன்னார் என்று வாதிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று; அவ்வகை வாதங்கள் நம் இதழ்களில் மிகுந்துவிட்டன. அரசியல் நடைமுறையை அறிந்த ஒரு நூல் இவ்விரு திறன்களையும் ஒன்றாகக் குழப்பவில்லை என்பதே இங்குச் சுட்டப்படுவது.

நேர்காணல் அறை

நம் பணியில் மிகுந்த விளைவு உடைய முடிவுகள் நேர்காணல் அறையில் எடுக்கப்படுகின்றன. விரிவுரையாளர் தேர்வோ முனைவர் பட்டச் சேர்க்கையோ, பத்து அல்லது பதினைந்து நிமிட உரையாடல் ஒருவரின் வாழ்க்கைப் போக்கை மாற்றிவிடுகிறது. 'முப்பது ஆண்டு ஆசிரியப் பணியில் இருக்கிறேன், ஆளைப் பார்த்தாலே தெரியும்' என்னும் கூற்றை நாம் பலரிடம் கேட்டிருக்கிறோம். அதைப் பொய் என்று சொல்ல வேண்டியதில்லை. முப்பது ஆண்டுகளில் அவர் எதை எதிர்விளைவாகப் பெற்றார் என்று மட்டும் கேட்கலாம். நிராகரிக்கப்பட்ட மாணவர் வேறெங்கோ சென்று சிறந்த ஆய்வு செய்தால் அச்செய்தி இவரை அடைவதில்லை. ஏற்கப்பட்டவர் நன்றாகச் செய்தால், அது தேர்வின் சிறப்பா, கிடைத்த வாய்ப்பின் விளைவா என்பது பிரித்தறிய இயலாதது. இப்படி முப்பது ஆண்டுகள் கடந்தால் அனுபவம் கூடாது. உறுதி மட்டும் கூடும்.

அமெரிக்க உளவியலாளர் பால் மீல் 1954இல் வெளியிட்ட நூல், வல்லுநரின் நேரடி மதிப்பீட்டையும் சில அளவுகளை எளிய விதியால் கூட்டிப் பெறும் மதிப்பீட்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்தது. பெரும்பாலானவற்றில் எளிய விதி தாழவில்லை. அந்நூலைப் படித்த இளைஞர் கானமன், 1950களின் நடுவில் இஸ்ரேலியப் படையின் ஆள்தேர்வு நேர்காணலை மாற்றியமைத்தார். ஆறு பண்புகளைத் தனித்தனியே எடுத்துக்கொண்டு, நடந்தவை குறித்த வினாக்களை மட்டும் கேட்டு, ஒன்றுக்கு மதிப்பெண் இட்ட பிறகே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். நேர்காண்போர் தம்மை இயந்திரமாக்குவதாக முணுமுணுத்தனர். எனவே இறுதியில் கண்ணை மூடி, இவர் எத்தகைய வீரராவார் என்று நினைத்து ஒரு மதிப்பெண் இடுமாறும் கூறினார். பின்னர் ஒப்பிட்டபோது, ஆறு மதிப்பெண்களின் கூட்டுத்தொகை பழைய முறையைவிடச் சிறந்திருந்தது. கண்ணை மூடி இட்ட மதிப்பெண்ணும் அதற்கு இணையாகச் சிறந்திருந்தது. உள்ளுணர்வு அறையிலிருந்து வெளியேற்றப்படவில்லை. ஆறு மதிப்பெண்களும் இடப்படும் வரை காத்திருக்குமாறு செய்யப்பட்டது.

தமிழ்த்துறை நேர்காணலுக்கு இதனைப் பொருத்துவது கடினமன்று. மூலநூற்பயிற்சி, இலக்கண அறிவு, முன்னாய்வுகளோடு உள்ள பழக்கம், எழுத்துநடை, வினாவை உருவாக்கும் திறன் என ஐந்தாறு கூறுகளை வகுத்துக்கொண்டு, உறுப்பினர் ஒவ்வொருவரும் பிறரோடு பேசுமுன் தனித்தனியே மதிப்பெண் இடலாம். தலைவர் முதலில் கருத்துச் சொல்லும் வழக்கம் நின்றாலே பாதி வேலை முடிந்துவிடும். பேச்சுநடை, ஊர், பயின்ற கல்லூரி ஆகியவை முதல் நிமிடத்திலேயே மனத்தில் பதிந்து, பின்வரும் எல்லா விடைகளுக்கும் நிறம் பூசுவதை இம்முறை ஓரளவு தடுக்கும்.

பயிற்சிக்கான வழிகள்

உள்ளுணர்வு வளரத்தக்க களங்களில் அதனை வளர்க்க ஆய்வாளர் செய்யத்தக்கவை சில உள. பதிப்பித்த நூலொன்றின் பாடவேறுபாட்டுப் பட்டியலை எடுத்து, ஆசிரியர் கொண்ட பாடத்தைத் தாளால் மறைத்து, தாம் எதைக் கொள்வார் என்பதையும் எவ்வளவு உறுதியுடன் என்பதையும் எழுதிவைத்த பிறகு திறந்து பார்க்கலாம். பதிப்பாசிரியரும் பிழைபடலாம் ஆதலின் இது முழுமையான விடையன்று. ஆயினும் வேறுபடும் இடங்கள் விவாதத்திற்குரிய இடங்கள் என்பது தெரியவரும். பெயர் மறைத்த பாடலின் திணை துறையையும், தேதி மறைத்த கல்வெட்டு வரிவடிவத்தின் நூற்றாண்டையும் கணித்துப் பழகுவதும் இவ்வகையின.

விஷ்ணு பிரசன்னா கொண்ட வரிசை இன்று நமக்கு அவசரத் தேவையாகியுள்ளது. சொல்லடைவும் மின்தொகுப்பும் தேடுபொறியும் முன்பே வந்துவிட்டன. கேட்டவுடன் பதவுரை எழுதும் செயற்கை நுண்ணறிவும் இப்போது வந்துவிட்டது. முதலாண்டு ஆய்வு மாணவர் ஒருவர் பாடலைத் தாமே அலகிட்டு, கொண்டுகூட்டிப் பொருள்கண்டு, ஐயத்தைக் குறித்துவைத்த பின் கருவியைத் திறப்பாராயின், கருவி அவருக்கு எதிராளியின் பதில்நகர்வுபோல் அமையும். முதலிலேயே திறப்பாராயின் அவருக்கு விடை கிடைக்கும்; தம் பிழை எதுவென்று அறியும் வாய்ப்புக் கிடைக்காது. நெறியாளர்கள் முதல் ஓராண்டுக்கேனும் ஒரு கையெழுத்துக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். அதில் அடித்துத் திருத்தப்பட்ட இடங்களே மாணவரின் செவி எங்கே தேர்ந்துள்ளது, எங்கே இன்னும் தேரவில்லை என்பதைக் காட்டும்.